பார்னகட் ஸ்னீக்பாக்ஸ்: ஒரே அச்சில் வளைந்த வாத்து வேட்டைப் படகு – ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் நியூ ஜெர்சிக் கரையில், மணல்தீவுகளுக்குப் பின்னால் நீண்டு கிடக்கிறது பார்னகட் விரிகுடா. அதன் சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர் அளவுதான். பல இடங்களில் முழங்கால் அளவு நீரும் அதற்கடியில் சேறும்தான் இருக்கும். ஓரமெல்லாம் உப்புப்புல் சதுப்பு. அட்லாண்டிக் கரையை ஒட்டித் தெற்கே இறங்கும் வாத்துகள் குளிர்காலத்தில் இங்கே தங்குகின்றன: கருப்பு வாத்து, கேன்வாஸ்பேக், ஸ்காப், பிராண்ட், நம் கோடியக்கரைக்கும் வந்து போகும் ஊசிவால் வாத்து.

இங்கே வேட்டைக்குப் போகிறவர் தனி ஆளாகத் துடுப்புப் போட வேண்டும். காற்று வாய்த்தால் பாய் விரிக்க வேண்டும். சேற்றின் மேலும் பனிக்கட்டியின் மேலும் படகை இழுத்தேற்ற வேண்டும். போய்ச் சேர்ந்ததும் அந்தப் படகே மறைவிடமாகிவிடவும் வேண்டும். 1836 வாக்கில் வெஸ்ட் கிரீக் ஊரைச் சேர்ந்த ஹேசல்டன் சீமன் தன் சொந்த உபயோகத்துக்கென்று கட்டிய தாழ்ந்த, மூடிய படகு இத்தனைக்கும் ஈடுகொடுத்தது. அக்கம்பக்கத்தார் அதைப் ‘பிசாசின் சவப்பெட்டி’ என்றார்கள். பிறகு அவர்களே அதைப் போலக் கட்டிக்கொண்டார்கள்.

ஸ்னீக்பாக்ஸ் என்று பெயர் பெற்ற அந்தப் படகைக் கையால் கட்டும் முறையைப் பற்றியது இந்த ஆய்வு. அளவுகளுக்கு அடிப்படை, 1874-ல் ஓர் அமெரிக்க வேட்டை இதழில் வெளியான குறிப்பு. ஸ்னீக்பாக்ஸ் ‘சுலபமான படகு’ என்று பெயர் வாங்கியிருக்கிறது. அந்தப் பெயர் பாதிதான் சரி என்பது எங்கள் கருத்து. வங்கு எனப்படும் விலாக் கட்டைகளில் மிச்சமாகும் உழைப்பை, விளிம்பும் அணியம் என்கிற முன்முனையும் வட்டியோடு திருப்பிக் கேட்கின்றன.

அளவுகள்

நீளம் 12 அடி, நடு அகலம் 4 அடி. பின்பலகையின் அகலம் 2 அடி 9 அங்குலம், உயரம் 7 அங்குலம். வங்குகள் 9/16 × 13/16 அங்குலச் சட்டங்கள், 8 அங்குலத்துக்கு ஒன்று, எல்லாம் ஒரே வளைவு. மேல்தளத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் 1 × 7/8 அங்குலம், இயற்கையாகவே வளைந்த மரத்திலிருந்து அறுத்தவை. ஆள் படுக்கும் குழியின் வாய் 3 அடி 4 அங்குல நீளமும் ஒன்றரை அடிக்குச் சற்றே கூடிய அகலமும் கொண்டது. அதைச் சுற்றி 2 முதல் 2½ அங்குல உயரத்தில் ஒரு சட்டம். அந்தச் சட்டத்தின் அடியிலிருந்து உள்தளப் பலகை வரை 13 அங்குலம். கனத்த கம்பளிச் சட்டை போட்ட ஆள் மல்லாந்து படுத்தால் மூக்குக்கு மேல் கொஞ்சம்தான் மிஞ்சும்.

வெறும் படகின் எடை 200 பவுண்டு வாக்கில், அதாவது 90 கிலோ. ஒரே ஆள் தூக்க முடியாது, ஆனால் இழுத்துவிடலாம். நத்தானியேல் பிஷப் 1875 டிசம்பரில் பிட்ஸ்பர்க்கில் புறப்பட்டு, ஒஹாயோ, மிசிசிப்பி ஆறுகள் வழியாகவும் மெக்சிகோ வளைகுடாக் கரையோரமாகவும் 2,600 மைல் போனது இதே 12 அடிப் படகில்தான். இரவில் அதிலேயே மூடி போட்டுக்கொண்டு தூங்கினார்.

ஒரே வளைவு எப்படிப் போதுமாகிறது

சாதாரணப் படகில் ஒவ்வொரு வங்கும் ஒவ்வொரு வடிவம். அணியத்தில் ஆங்கில வி எழுத்துப் போல, நடுவில் தட்டையாக, பின்னால் வேறொன்றாக. ஸ்னீக்பாக்ஸில் எல்லா வங்கும் ஒன்றே. குறுகலான இடத்தில் அதே வில்லின் இரு முனைகளையும் நறுக்கி நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

இதன் விளைவைக் கணக்கில் பார்த்துவிடுவது நல்லது. நடு வங்கு 48 அங்குல அகலத்தில் 6 அங்குலம் எழுகிற வட்டவில் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான வங்கு நடுவில் சற்றுத் தட்டையாகவும் ஓரத்தில் சற்று வேகமாகவும் வளையும். கணக்குக்கு வட்டம் போதும். வட்டத்தின் ஆரம் 51 அங்குலம் வருகிறது. பின்பலகை இருக்கும் இடத்தில் அகலம் 33 அங்குலம். அங்கே அதே வில்லின் எழுச்சி 2¾ அங்குலம்தான். அணியப் பக்கம் அகலம் 24 அங்குலமாகக் குறையும் இடத்தில் எழுச்சி ஒன்றரை அங்குலத்துக்கும் கீழே போய்விடுகிறது.

ஆகவே அடிப்பக்கத்தின் நடுவில் முன்னிருந்து பின் வரை ஓடும் ஏராப் பலகை தட்டையாகக் கிடந்தால், படகின் விளிம்பு அணியத்தில் நான்கரை அங்குலம் கவிழ்ந்து மூக்கு நீருக்குள் போகும். விளிம்பு மட்டமாக நிற்பதற்கே ஏராப் பலகை அந்த இடத்தில் நான்கரை அங்குலம் ஏற வேண்டும். அணியம் சற்றே நிமிர்ந்து தெரிய வேண்டுமானால் அதற்கும் மேல். இந்தப் படகின் வடிவத்தைத் தீர்மானிப்பது வங்கு அல்ல, ஏராப் பலகையின் ஏற்றம்தான். வங்கில் கால் அங்குலம் பிசகினால் இழைப்புளியில் சரிசெய்துவிடலாம். ஏராப் பலகையில் பிசகினால் படகு முழுவதும் கோணிவிடும்.

மேல்தளத்துக்கும் இதே கணக்குதான். நடுவில் 8 அங்குலம் எழும் வில் என்று எடுத்தால் ஆரம் 40 அங்குலம். கீழே 6, மேலே 8 சேர்ந்து 14. வங்கின் தடிமனையும் உள்தளப் பலகையின் தடிமனையும் கழித்தால் குறிப்பு சொல்லும் 13-க்கு ஒட்டி வருகிறது. பின்பலகையில் 2¾-யும் 3½-யும் சேர்ந்து 6¼. பலகைத் தடிமனோடு 7-ஐ நெருங்குகிறது. பழைய குறிப்பில் வளைவின் ஆரம் சொல்லப்படவில்லை. புதிதாகக் கட்டுகிறவர் தன் அச்சுப் பலகையை வெட்டும் முன் இப்படி இரண்டு இடத்தில் ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

மரம்

பலகைக்கு அட்லாண்டிக் வெள்ளை சீடார். அதே மாநிலத்தின் பைன் காட்டுச் சதுப்புகளில் வளர்கிற மரம். கன அடிக்கு 23 பவுண்டு அளவே எடை, அழுகலைத் தாங்கும், நேரான ரேகை, ஆணி எளிதில் இறங்கும். வெள்ளை ஓக் இதைப் போல இரு மடங்கு எடை. அடிப்பக்கத்துக்கு 40 சதுர அடி, மேல்தளத்துக்கு 35 சதுர அடி. அரை அங்குலத் தடிமனில் இரண்டும் சேர்ந்து மூன்று கன அடிக்குச் சற்று மேல், அதாவது 72 பவுண்டு. ⅝ அங்குலமாக்கினால் 90. பலகையைக் கொஞ்சம் தடிப்பாக விட்டால் பாதுகாப்பு என்று நினைப்பவர் அந்த 18 பவுண்டையும் சேற்றில் தாமே இழுக்க வேண்டும் என்பதையும் சேர்த்து நினைக்கட்டும். குறுகிப்போகும் பலகைகளில் கழிவு அதிகம்; 40 சதவீதம் கூட்டி 105 சதுர அடி வாங்குவது சரியாக இருக்கும்.

சீடாரில் கணு இருக்கத்தான் செய்யும். சிவந்து, சுற்று மரத்தோடு ஒட்டி நிற்கும் சிறு கணுக்களால் தொந்தரவில்லை. சுற்றிலும் கரிய வளையம் தெரியும் கணு செத்த கிளையினுடையது. காய்ந்ததும் கழன்று விழும். அதைத் துறப்பணத்தால் துளைத்து எடுத்துவிட்டு அதே மரத்தின் அடைப்பை, ரேகை பலகையின் ரேகையோடு ஒத்துப்போகும்படி வைக்க வேண்டும்.

இங்கே அதிகம் நடக்கும் தவறு, சூளையில் காயவைத்த பலகையை வாங்குவது. 6, 8 சதவீத ஈரத்தில் இருக்கும் சீடாரை நெருக்கமாகப் பொருத்திவிட்டு நீரில் இறக்கினால் ஒவ்வொரு பலகையும் அகலத்தில் ஊதும். போக இடமில்லாமல் ஒன்றையொன்று நசுக்கும். ஆணி இழுக்கும், மெல்லிய வங்கு விரிசல் விடும். திறந்த கொட்டகையில் காய்ந்து, 15 சதவீத ஈரத்தில் இருக்கும் பலகைதான் தேவை.

வங்குக்கு வெள்ளை ஓக். இதுவும் சூளை மரமாக இருக்கக் கூடாது; பச்சை மாறாததாக இருந்தால் இன்னும் நல்லது. ரேகை சட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஓட வேண்டும். நடுவில் ரேகை பக்கவாட்டில் வெளியேறினால் வளைக்கும்போது அங்கேயே கிழியும்.

வங்கு வளைத்தல்

நடு வங்கின் வில் நீளம் 50 அங்குலம். எல்லாச் சட்டங்களையும் 56 அங்குலமாக வெட்டிக்கொள்ளலாம். 12 அடியில் 8 அங்குலத்துக்கு ஒன்று என்றால் 17 வங்கு. உடைவதற்கென்று ஐந்து கூட்டி 22. எல்லாமே முழு நீளத்தில் ஒரே அச்சில் வளைக்கப்படுவதால், மிஞ்சும் வங்கு எந்த இடத்துக்கும் பொருந்தும். வேறெந்தப் படகிலும் உதிரி வங்கு இவ்வளவு உபயோகமாக இருப்பதில்லை.

ஆவிப் பெட்டியில் அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்பது பழைய கணக்கு. 9/16 அங்குலத்துக்கு 35 நிமிடம். அதற்கு மேல் விட்டால் மரம் மிருதுவாகாது, சோர்ந்துபோகும். வெளியே எடுத்ததும் சில நொடிகளுக்குள் அச்சில் அழுத்திவிட வேண்டும்; இவ்வளவு மெல்லிய சட்டம் சீக்கிரம் ஆறிவிடும். வளர்வளையங்கள் அச்சின் பரப்புக்கு இணையாக அமையும்படி சட்டத்தைத் திருப்பிப் போட்டால் வளைவதும் எளிது, பின்னால் ஆணி அடிக்கும்போது பிளப்பதும் குறைவு.

அச்சிலிருந்து எடுத்த ஓக் கொஞ்சம் விரியும். அதனால் 6 அங்குல எழுச்சி வேண்டுமானால் அச்சை ஆறரைக்கு வெட்ட வேண்டும். அதிகம் வளைந்த வங்கை விரிப்பது சுலபம். விரிந்துபோனதை மறுபடி வளைக்கப் போனால் உடையும். ஆறிய வங்கின் இரு முனைகளையும் கயிற்றால் இழுத்துக் கட்டி, ஒரு வாரம் நிழலில் வைத்துவிட்டால் வடிவம் நிலைக்கும்.

கட்டுமானம்: கவிழ்த்து வைத்து

தரையோடு அசையாமல் பிடித்த நீளக் கட்டையின் மேல் மூன்று அச்சுப் பலகைகளும் பின்பலகையும் தலைகீழாக நிற்கின்றன. ஏராப் பலகை இவற்றின் மேல் வளைந்து, அணியத்தில் வேகமாகத் தரைப்பக்கம் இறங்குகிறது. அந்த வேகமான வளைவுக்குப் பலகையின் முன்மூன்றில் ஒரு பங்கைக் கொதிநீர் ஊற்றியோ ஆவியிலோ பதப்படுத்தியாக வேண்டும். உலர்ந்த பலகையைக் கவ்வி போட்டு இறுக்கினால் அப்போதைக்கு வளைந்து கொடுக்கும். பிறகு அச்சுகளைக் கழற்றும்போது நிமிரப் பார்க்கும். அணியம் தாழ்ந்து போகும். முன்னே சொன்ன நான்கரை அங்குலக் கணக்கு அங்கே அடிபட்டுவிடும்.

ஸ்னீக்பாக்ஸுக்கு முகப்புக் கட்டை கிடையாது. பலகைகள் கரண்டியின் நுனிபோல மேலே சுருண்டு வந்து மேல்தளத்தோடு முடிகின்றன. சேற்றிலும் பனிக்கட்டியிலும் முட்டாமல் வழுக்கி ஏறுவது இந்த வடிவத்தால்தான். ஆனால் அந்த முனைகளைப் பிடித்துக்கொள்ள எதாவது வேண்டுமே. அதற்கு அணியத்தின் விளிம்பு வடிவத்தில் அறுத்த இரண்டு ஓக் வளைவுக் கட்டைகள் உண்டு. கீழ்ப்பலகையின் முனையும் மேல்தளப் பலகையின் முனையும் இவற்றில் ஏறுகின்றன. இந்தக் கட்டைகளை வளைந்த ரேகையுள்ள மரத்திலிருந்து அறுக்காமல் நேர்மரத்திலிருந்து அறுத்தால், நடுவில் ரேகை குறுக்காக வந்து முதல் மோதலிலேயே ஒடியும்.

வங்குகள் நின்ற பிறகு பலகை. ஏராப் பலகைக்கு அடுத்ததை முதலில் பொருத்தி, இரு பக்கமும் மாறி மாறி ஏற வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போனால் படகு திருகிக்கொள்ளும். பலகை நடுவில் 4 அங்குல அகலம் போதும். 51 அங்குல ஆரத்தில் 4 அங்குலப் பலகையின் உட்புறத்தைக் குழிவாக இழைக்க வேண்டிய ஆழம் ஒரு மில்லிமீட்டர்தான். 6 அங்குலப் பலகையென்றால் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகும், வெளிப்புறத்தை உருட்டும்போது இன்னும் அதே அளவு. அரை அங்குலப் பலகையில் அவ்வளவு கொடுக்க இடமில்லை. அகலப் பலகையால் வேலை சீக்கிரம் முடியும் என்பது காகிதத்தில்தான்.

வங்கும் பலகையும் சேர்ந்த தடிமன் 1 1/16 அங்குலம். மடித்து அடிக்கும் செம்பாணி என்றால் 1⅜ முதல் 1½ அங்குல நீளம். பலகை விளிம்பிலிருந்து அரை அங்குலம் தள்ளி, ஆணியைவிடச் சற்றே சிறிய துளை போட்டுத்தான் அடிக்க வேண்டும். ஏறத்தாழ 350 ஆணி பிடிக்கும், 400 வைத்துக்கொள்ளலாம். ஒருவர் வெளியே அடிக்க, இன்னொருவர் உள்ளே கனத்த இரும்பைப் பிடித்திருக்க வேண்டும். ஆணியின் முனை ரேகைக்குக் குறுக்காக மடிந்து வங்குக்குள் புதைய வேண்டும். ரேகையோடு மடிந்தால் வங்கைப் பிளக்கும். பழைய படகுகளில் நாகப்பூச்சு இரும்பாணியும் உண்டு. பூச்சு தேய்ந்ததும் ஓக்கிலுள்ள துவர்ப்பும் உப்புநீரும் சேர்ந்து இரும்பைத் தின்னும். ஆணியைச் சுற்றி மரம் கறுத்து மாவாகும். எங்கள் தேர்வு செம்பு.

பலகைகளுக்கு இடையிலான இணைப்பு உள்பக்கம் நெருங்கியும் வெளிப்பக்கம் சற்று விரிந்தும் இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் நீர் புகாமல் திணிக்கும் அடைப்பு, அதாவது கலப்பத்து. அரை அங்குலப் பலகைக்கு முறுக்கில்லாத மெல்லிய பஞ்சுத்திரி ஓர் இழை போதும். பெரிய மரக்கலத்தில் அடிப்பதுபோலக் கொட்டாப்புளியால் ஓங்கி அடித்தால் பலகையே வங்கிலிருந்து விலகும். சிறிய சக்கரத்தால் உருட்டி அழுத்தினாலே வேலை முடிந்தது. மேலே ஆளி எண்ணெய் சேர்ந்த மிருதுவான மக்கு. கல்போல இறுகும் எப்பாக்சியை இங்கே போடுகிறவர்கள் இப்போது அதிகம். சீடார் ஊதும்போது எப்பாக்சி நசுங்காது. அந்த விசை பலகையை வங்கிலிருந்து பிடுங்குவதில் போய் முடியும்.

விளிம்பு

மேல்தளமும் அடிப்பக்கமும் சந்திக்கும் இடத்தின் கோணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தப் படகின் உண்மையான சிக்கல் தெரிந்துவிடும். நடுவில் கீழ் வில் விளிம்பில் 28 பாகை சாய்ந்திருக்கிறது, மேல் வில் 37 பாகை. இரண்டும் சேர்ந்து 65. அணியத்தை நோக்கிப் போகப் போகக் கோணம் கூர்மையாகிறது: அகலம் 24 அங்குலமாகும் இடத்தில் 31 பாகைதான், 12 அங்குலமாகும் இடத்தில் 15. பக்கச்சுவரே இல்லாத படகு. நீரில் படாமல் நிற்கிற உயரம் முழுவதும் மேல்தளத்தின் வளைவு கொடுப்பதுதான்.

31 பாகையில் அரை அங்குலப் பலகைகள் இரண்டு சந்தித்தால், விளிம்பிலிருந்து ஏறக்குறைய 2 அங்குலம் உள்ளே வரும் வரை நடுவில் வெற்றிடமே இல்லை. 15 பாகையில் அது 4 அங்குலத்தை நெருங்குகிறது. வங்கின் முனையும் தளச்சட்டத்தின் முனையும் நீளமாகச் சீவப்பட்டு, பக்கத்தில் பக்கமாக வைத்து ஆணியடிக்கப்படுகின்றன. சீவிய முனையில் மரம் மெல்லியது, ஆணியடித்தால் பிளக்கும். உள்ளே காற்றுப் புகாது. குழியில் விழும் நீரும் நனைந்த புல்லும் நேராக அங்கே போய்த் தேங்கும். பழைய ஸ்னீக்பாக்ஸ்கள் எங்கே செத்தன என்று தேடினால் பெரும்பாலும் விளிம்பின் உள்பக்கத்தில்தான் விடை இருக்கும்.

செய்யக்கூடியவை சில உண்டு. வங்கின் முனைகளைச் சீவும் முன் விளிம்பு முழுவதற்கும் மெல்லிய பட்டிகை ஒன்றை வளைத்துப் பார்த்து, மேடுபள்ளம் இல்லாமல் கண்ணுக்கு ஓடுகிறதா என்று தூரத்தில் நின்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு சந்திப்பிலும் மேல்தளம் மூடும் முன்பே எண்ணெய் ஊறப்போட வேண்டும். மூடிய பிறகு தூரிகை அங்கே எட்டாது. வங்குகளின் அடியில், ஏராப் பலகையை ஒட்டி, நீர் பின்பக்கம் ஓடிவர அரை அங்குலக் கண்கள் விட வேண்டும். பின்பலகையில் ஒரு திருகு மூடி வைத்தால், படகு கரையில் நிற்கும்போது காற்றோட்டம் கிடைக்கும். பழைய அளவுக் குறிப்பில் இந்த மூடி இல்லை; அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

மேல்தளப் பலகைகள் வெயிலில் காய்ந்து இடைவெளி விடும், அடிப்பக்கமோ நீரில் ஊதியிருக்கும். இரண்டும் ஒரே விளிம்பில் பிணைந்திருப்பதால் இழுபறி அங்கேதான் வருகிறது. ஈரமான சாயத்தின் மேல் கித்தான் துணியை இழுத்து ஒட்டி, விளிம்பில் மடித்து, மேலே அரைவட்ட ஓக் பட்டிகை திருகிவிட்டால் மேல்தளக் கசிவு பெருமளவு நிற்கும். பட்டிகை அடிபட்டுத் தேயும். மாற்றுவது ஒரு பிற்பகல் வேலை.

இறக்குபலகையும் மற்றவையும்

பாய் விரித்துப் போகும்போது படகு பக்கவாட்டில் வழுக்காமலிருக்கச் செருகும் இறக்குபலகை 15 அங்குல அகலம். அதன் கூடு நடுவில் இல்லை. குழியின் முன்மூலையை ஒட்டி இடப்பக்கமாக, சாய்வாக நிற்கிறது. நடுவில் வைத்தால் ஆள் படுக்க முடியாது. ஒரு பக்கம் தள்ளியிருப்பதால் பாயோட்டத்தில் சிறு வித்தியாசம் வரும், பொருட்படுத்த வேண்டியதில்லை. கவனம் தேவைப்படுவது கூட்டின் அடி. அங்கே ஒன்றிரண்டு வங்குகள் அறுபடுகின்றன. அறுபட்ட முனைகளை நீளவாக்கில் ஒரு கட்டையில் பிணைக்காவிட்டால், பாயின் அழுத்தத்தில் கூடு ஆடும், அடி கசியும். கூடு பலகையைவிடக் கால் அங்குலம் அகலமாக இருக்க வேண்டும். இறுக்கமாகச் செய்தால் பலகை ஊதிச் சிக்கும். சிப்பித்துண்டும் சேறும் புகுந்தாலும் சிக்கும். முழுவதும் மேலே உருவி எடுக்கக்கூடிய பலகை என்பது இந்த வகையில் பெரிய வசதி.

துடுப்புத் தாங்கிகள் 6 அங்குல உயரம், பின்பலகையிலிருந்து 4 அடி 7 அங்குலத்தில், தளத்தின் மேல் மடங்கிப் படுக்கும் வகையில். நிமிர்ந்து நிற்கும் எதுவும் வாத்தின் கண்ணில் படும். பின்தளத்தில் தாழ்வான வேலிபோல ஒரு மடக்குச் சட்டம்; அதற்குள் பறக்கும் வாத்துகளை ஈர்க்க மிதக்கவிடும் பார்வை வாத்துகள் அடுக்கப்படும். அதே சீடாரில் இரு பாதிகளாகக் குடைந்து ஒட்டிய போலி வாத்துகள் பார்னகட் பகுதியின் தனிச்சிறப்பு. உள்ளீடற்றவை என்பதால் எடை குறைவு. அடியில் சிறு ஈயத்துண்டு நிமிர்ந்து மிதக்க வைக்கும். உயிருள்ள வாத்தைப் பார்வையாகக் கட்டி வைப்பதை 1935-ல் அமெரிக்க மத்திய அரசு தடை செய்தது. நீர்மட்டத்துக்குக் கீழே ஆள் அமர்ந்து மறையும் சிங்க்பாக்ஸ் மிதவையும் அதே ஆண்டு போனது. ஸ்னீக்பாக்ஸ் முழுமையான படகு என்பதால் தப்பியது. 1918-ன் வலசைப் பறவைச் சட்டத்தோடு சந்தைக்காகச் சுடும் தொழில் முடிந்திருந்தது. இன்றைய வேட்டை உரிமம், பருவம், எண்ணிக்கை வரம்பு ஆகியவற்றுக்குள் நடப்பது. இந்தியாவில் 1972 வனஉயிர்ச் சட்டத்தின் கீழ் காட்டு வாத்தைச் சுடவே முடியாது என்பதால், இங்கே இதைக் கட்டுகிறவருக்கு மிஞ்சுவது படகு மட்டும்.

குழிக்கு முன்னால் ஒரு கித்தான் மறைப்பு, குச்சியால் நிமிர்த்தி அலைத்தெறிப்பைத் தடுக்க. பாய்மரத்துக்கு 2½ அங்குலத் துளை. அடியில், ஏராப் பலகைக்கு இரு பக்கமும் இணையாக ஓடும் இரண்டு ஓக் ஓட்டங்கள், பனிக்கட்டி மேல் இழுக்க. இவற்றை ஆணியால் அல்ல, திருகால் பொருத்த வேண்டும், தேயப் போகிறவை என்பதால். கெட்டியான பனிக்கட்டியைவிட, அதிகாலையில் கண்ணாடித் தகடுபோல உறைந்திருக்கும் மெல்லிய பனிதான் சீடாருக்கு எதிரி. நீர்மட்டக் கோட்டில் பலகையை ரம்பம்போல் அறுக்கும். அணியத்தில் அந்தக் கோட்டை ஒட்டிச் செம்புத் தகடு அடித்துவிடலாம்.

சாயம் காய்ந்த புல்லின் நிறம், துளியும் மினுக்கமில்லாமல். ஆளி எண்ணெயைக் குறைத்து டர்பன்டைனைக் கூட்டினால் மங்கலாக வரும். இரண்டு பூச்சுக்கு மேல் போனால் தானாகவே பளபளப்பு ஏறிவிடும்.

நீரில் இறக்குதல்

இறக்குவதற்கு மூன்று நாள் முன்பே உள்ளே ஈரச் சாக்குகளைப் பரப்பி வைக்க வேண்டும். நீரில் விட்ட முதல் நாள் கசியும். அது சீடார் ஊறும் நேரம். அந்த நேரத்தில் பதறி மக்கு அப்புகிறவர்கள் பிறகு அதைச் சுரண்டி எடுக்கிறார்கள். மூன்றாம் நாளும் நீர் சேர்ந்தால் இடம் தேட வேண்டும். படகைக் கரையேற்றித் துடைத்துவிட்டு, உள்ளே இரண்டு அங்குலம் நீர் ஊற்றி வெளியே எங்கே துளிர்க்கிறது என்று பார்ப்பதே விரைவான வழி. வரிசை பெரும்பாலும் இப்படித்தான்: கூட்டின் அடி, அணியத்தில் பலகை முனைகள், பின்பலகையின் கீழ்மூலைகள். பலகைகளுக்கு இடையிலான நீள இணைப்பு கடைசியில்தான் வரும்.

அணியத்தின் பலகை முனைகள் நீரை உறிஞ்சுகிற வெட்டுமுகங்கள். பொருத்தும்போது ஒவ்வொரு முனையிலும் மக்குப் பூசி, ஆணிகளை ஒரே நேர்கோட்டில் இல்லாமல் முன்னும் பின்னுமாக அடித்திருந்தால் கசிவு அநேகமாக இருக்காது. பூசாமல் விட்டிருந்தால் பிறகு வெளியிலிருந்து செய்யக்கூடியது குறைவு. அந்த முனையின் ஆணிகளை எடுத்து, பலகையைச் சற்றே தூக்கி, மக்கு வைத்து மறுபடி இறுக்க வேண்டும்.

பருவம் முடிந்த பிறகு

மறைவுக்காக மேல்தளத்தில் கட்டிய உப்புப்புல்லைப் பருவம் முடிந்த அன்றே அவிழ்த்துவிட வேண்டும். நனைந்த புல் பட்டிகைகளுக்கு அடியில் மாதக்கணக்கில் கிடந்தால் சாயம் உரிந்து கித்தான் மக்கும். நன்னீரில் கழுவி, நிழலில், இரண்டு கட்டைகளின் மேல் நிமிர்த்தி வைக்க வேண்டும். கட்டைகள் பலகைக்கு அடியில் அல்ல, ஏராப் பலகைக்கு அடியில் வர வேண்டும். தகரக் கொட்டகை வெயிலில் காய்ந்தால் மறுபருவத்துக்குள் விரல்நகம் நுழையும் அளவுக்கு இணைப்புகள் திறக்கும். சிமெண்டுத் தரையைவிட மண்தரை நல்லது.

உடைமையாளர் வருடத்துக்கொருமுறை பார்க்க வேண்டிய இடம் விளிம்பின் உள்பக்கம். குழிக்குள் தலையை நுழைத்து, கத்திப்பிடியால் ஒவ்வொரு வங்கின் முனையையும் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல மரம் கணீரென்று பதில் சொல்லும். மொத்தென்று கேட்டால் கத்தி நுனியைச் செருகிப் பார்க்க வேண்டும். கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்த வங்கின் பக்கத்தில் புதிய அரைவங்கு ஒன்றை வைத்துப் பிணைக்கலாம், அச்சும் மிச்சமிருந்த ஐந்து வங்குகளும் இன்னும் கொட்டகையில் இருந்தால்.